புரட்டாசி அசனம்

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு பதவி கிடைத்தது. விடுதி வார்டன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் இன்னொன்று.

ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. நான் கமிட்டியில் இல்லை. காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த பிறகு வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

பேச்சு மதிலைப் பற்றி. ஆலய வளாகத்தின் தெற்கு மதில் ஓரிடத்தில் இடிந்து கிடக்கிறது. பின்னால் இருக்கிற பிச்சிப்பூந் தெரு மொத்தமும் அந்த உடைப்பு வழியாக உள்ளே வந்து, நம் வேப்பமரத்தடியைத் தாண்டி, முன்வாசல் வழியாக பஸ் ஸ்டாப்புக்குப் போகிறது. பொருளாளர் தவசிமுத்து அண்ணாச்சிக்கு இது பல வருட எரிச்சல். போன வாரம் ஒரு பந்து வந்து ஆலய ஜன்னல் கண்ணாடியை உடைத்ததும் கொதித்துவிட்டார்.

“ஆறடிக்கு மதில எழுப்பி, உடைப்ப அடைச்சிரணும். அந்தத் தெருவுக்கும் நமக்கும் என்னைக்கு ஒட்டியிருக்கு? அசனத்தன்னைக்கு பாத்திருக்கீங்களா? ஒரு வீட்டுக் கதவு தெறந்திருக்காது. ஜன்னலக்கூட சாத்திருவாங்க. அம்புட்டு வெறுப்பு நம்ம மேல.”

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அசனம் என்றால் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் சபை மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. வெள்ளைச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்திரிக்காய்க் கூட்டு. நான் இந்த ஊருக்குப் புதிது, இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே இங்கே எல்லாருக்கும் முகம் மாறிவிடுகிறது.

என் வீடு அந்த உடைப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்காக நான் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்தவ நியாயத்துக்காகத்தான் திறந்தேன்.

“ஞாயித்துக்கிழம பூரா அயலாரை நேசிக்கணும்னு பேசுதோம். திங்கக்கிழம கொத்தனாரக் கூப்பிடுதோமா?” என்றேன்.

அண்ணாச்சி காப்பி டம்ளரை வைத்தார். “அப்படியா? அப்ப வார்டனம்மாவே அந்தத் தெருவ அசனத்துக்குக் கூட்டிட்டு வரட்டும். நம்மகூட பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டாங்கன்னா, அந்த வழிய அடைக்கணும்னு நான் பேசல. வரலைன்னா மறுநாள் கொத்தனார் வருவார்.”

எங்கள் ஐயர் சின்ன வயசுக்காரர். குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் சொல்கிறார்கள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, “ஒரு அயலார் குழு போட்டிருவோம்” என்றார். போட்டார். அமைப்பாளர் நான். உறுப்பினர்களும் நான்.

அசனம் அக்டோபர் 7, சனிக்கிழமை. தலைமுறை தலைமுறையாக அக்டோபர் முதல் சனிதானாம்.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலையில் உப்புமா. வழக்கம்போல் கூடிப்போயிற்று. முப்பது வருஷம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்த கைக்கு உழக்கு என்ற அளவு பிடிபடுவதில்லை. ரவை வீணாகக்கூடாதே என்று உடைப்பருகில் நாற்காலியைப் போட்டுச் சட்டியோடு உட்கார்ந்தேன்.

முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு தையல்கார உலகம்மாள், தைத்த ஜாக்கெட் மூட்டையோடு. பிறகு அவள் புருஷன், வேன் ஓட்டுகிற திருமலைக்குமார், பல் குச்சியோடு. பிறகு மில்லுக்குப் போகிற பெண்கள், அதிலே சிவப்புச் சேலைக்காரி இன்று பச்சைச் சேலை. கடைசியாகக் கறுப்பு நாய். எல்லாரும் ஆளுக்கு ஒரு கை உப்புமா வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். நாய் பேசவில்லை.

தற்செயலாகக் கவனித்ததுதான். எனக்கு வேறு வேலை இல்லாமல் இல்லை.

செப்டம்பர் 2, சனி

அயலார் குழுவின் முதல் திட்டம்: மோர்ப் பந்தல். முன்வாசலில் கீற்றுக் கொட்டகை, இரண்டு பானை மோர், கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம். “அனைவரும் வருக” என்று பெரிய எழுத்தில் பலகை.

பாடகர் குழு குடித்தது. வாலிபர் சங்கம் குடித்தது. ஐயர் மூன்று டம்ளர் குடித்தார். தெருக்காரர்கள் பின்வழியாக வந்து முன்வாசலில் போனார்கள், சிரித்தார்கள், யாரும் நிற்கவில்லை. பஸ் வந்துவிடும் நேரம். மோர் குடிக்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

செப்டம்பர் 9, சனி

இரண்டாம் திட்டம்: இலவச சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை. பக்கத்து ஊரிலிருந்து டாக்டர் வந்தார். தெருவிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. வந்த டாக்டரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையா என்று கமிட்டியைப் பிடித்து உட்கார வைத்தேன். ஆறு பேருக்குச் சர்க்கரை. தவசிமுத்து அண்ணாச்சிக்கு இருக்கிற அளவைப் பார்த்து டாக்டர் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார்.

“அயலாருக்குன்னு வச்சு நமக்குக் கண்டுபிடிச்சிட்டீங்க” என்றார் அண்ணாச்சி. முகாமுக்கு வருகிறவர்களுக்கென்று வாங்கி வைத்திருந்த அல்வா விநியோகம் ரத்து. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

அண்ணாச்சி என்னோடு பேசவில்லை. வெறும் காப்பி குடித்தார்.

செப்டம்பர் 13, புதன்

தெற்கு மதிலோரம் ஒரு லாரி செங்கல் வந்து இறங்கியது. “சும்மா, விலை ஏறுறதுக்குள்ள வாங்கிப் போட்டேன்” என்றார் அண்ணாச்சி.

பார்ப்போம்.

செப்டம்பர் 16, சனி

செங்கலுக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு கிடாய்கள். பண்டிகை நெருங்கினால் நல்ல ஆடு கிடைக்காது என்று அண்ணாச்சி சந்தையில் முன்கூட்டியே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மீதியைப் பிறகு வாங்குவாராம். ஒன்று செவலை, ஒன்று கறுப்பு. காலையும் மாலையும் அகத்திக்கீரைக் கட்டோடு வந்து அவரே தின்னக் கொடுக்கிறார். முதுகைத் தடவி, “இன்னும் சதை பிடிக்கணும்” என்கிறார்.

செப்டம்பர் 19, செவ்வாய்

கிடாய்கள் கயிற்றைத் தின்றுவிட்டு உடைப்பு வழியாகப் பிச்சிப்பூந் தெருவுக்குள் போய்விட்டன. அண்ணாச்சி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். இருபது வருஷம் பொருளாளராக இருந்தவர் அந்தத் தெருவுக்குள் காலை வைத்தது இன்றுதான் முதல் தடவை.

ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினார். இரண்டு கிடாய்களும் பின்னால் வந்தன. வாயைத் துடைத்துக்கொண்டார்.

“உலகம்மா வீட்டுச் செம்பருத்திய மொட்டையடிச்சிருச்சுக. கேக்கப்போனா அந்தப் பிள்ள காப்பி குடுக்குது.”

“சீனி போட்டதா, போடாததா?” என்றேன்.

கிடாய்களைக் கட்டப் போய்விட்டார்.

செப்டம்பர் 21, வியாழன்

தெருப் பிள்ளைகள் கிடாய்களுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். கறுப்பு, “கமிட்டி”. செவலை, “அண்ணாச்சி”. சாயங்காலம் ஒரு பொடிப்பயல் உடைப்பில் ஏறி நின்று, “வார்டனம்மா, அண்ணாச்சி எங்க வீட்டு முருங்கக்கீரையத் திங்காரு” என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து நிஜ அண்ணாச்சி வந்து நிற்கிறார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். விலா வலிக்கிறது.

செப்டம்பர் 23, சனி

இன்று வீடு வீடாக அசன அழைப்பிதழ். அயலார் குழு முழுபலத்தோடு புறப்பட்டது, அதாவது நான், குடையோடு.

எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். வாசலில் பெரிய கோலம். எல்லாரும் தலைக்குக் குளித்து நெற்றியில் நாமம் போட்டு அழகாக இருந்தார்கள். ஏதோ விசேஷம் போலிருக்கிறது. நல்ல நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறேன் என்று மகிழ்ந்து, குரலைக் கொஞ்சம் கூட்டிப் பேசினேன்.

“அடுத்த மாசம் ஏழாம் தேதி, சனிக்கிழம மத்தியானம். எங்க மோசே மாஸ்டர் கறி வச்சா ஊரே மணக்கும். வெறும் கறியில்ல, எலும்போட போட்டு, மசாலாவ அம்மியில அரைச்சு, நல்லெண்ணெயில வதக்கி...”

விடுதியில் பிள்ளைகளைச் சாப்பிட வைக்க நான் இப்படித்தான் வர்ணிப்பேன். ஒருமுறைகூடப் பலிக்காமல் போனதில்லை.

இங்கே என்னவோ சரியில்லை. ஒரு பெரியவர் எச்சிலை விழுங்கிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஒரு பெண் காதைப் பொத்தினாள். ஒரு சின்னப் பையன் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டான். எல்லாரும் மரியாதையாகச் சிரித்து, “பாப்போம் வார்டனம்மா” என்றார்கள். ஒரே வார்த்தையை எல்லாரும் சொன்னார்கள். உலகம்மாள் வீட்டில் ஆள் இல்லை, வேனும் இல்லை.

அண்ணாச்சி சொன்னது உண்மையாக இருக்குமோ? காப்பி கொடுக்கிறவர்கள்கூடப் பந்திக்கு வரமாட்டார்களோ? அப்படியானால் உடைப்பை அடைத்துவிடுவார்கள். அடைத்தால் அடைக்கட்டும். என் வீட்டுக்கு முன்வாசல் இருக்கிறது. அந்தப் பக்கம் பகல் முழுக்க ஒரு குருவி வராது, அது வேறு விஷயம்.

இரவு பசிக்கவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆராதனைக்குப் போகிற வழியில் உலகம்மாளை உடைப்பருகில் மறித்தேன். நேராகவே கேட்டேன். எங்கள் மேல் உங்களுக்கு என்ன கோபம், அசனத்தன்று ஏன் ஜன்னலைக்கூடச் சாத்துகிறீர்கள் என்று.

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். “கோவமா? யாரு சொன்னா? வார்டனம்மா, அது புரட்டாசி மாசம். நாங்க மாசம் பூரா கவுச்சி தொடமாட்டோம். அதுலயும் சனிக்கிழம பெருமாளுக்கு வெரதம். நீங்க வருசா வருசம் சரியா அந்தச் சனிக்கிழமயா பாத்து, மோசே அண்ணாச்சி கறியத் தாளிச்சு விடுதாரு. அந்த மணம் வந்தா எங்க வீட்டு மனுசன் அடுக்களைக்கும் வாசலுக்குமா நடக்காரு. எங்க மாமனாரு இருந்தவரைக்கும் மூக்குல ஈரத்துணிய கட்டிக்கிட்டுப் படுத்துக்கிடுவாரு. வெரதம் முறிஞ்சிரக் கூடாதேன்னுதான் கதவச் சாத்துதோம்.”

மிஷன் பள்ளிக்கூடத்தில் பிறந்து, படித்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்றவள் நான். தவக்காலம் தெரியும், அட்வெந்து தெரியும். அக்டோபரில் புரட்டாசி இருக்கிறது என்று எந்தக் காலண்டர் எனக்குச் சொன்னது? உண்மையில் எல்லாக் காலண்டரும் சொல்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தேன், என் அடுக்களையில் தொங்குகிற காலண்டரிலேயே ஏழாம் தேதியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். “இம்புட்டு வருசமும் நீங்க வேணும்னே செய்யுதீங்கன்னுதான் நாங்க நெனச்சோம்.”

நேற்று நான் விரத வீடுகளில் வாசல் வாசலாக நின்று எலும்புக் குழம்பை வர்ணித்திருக்கிறேன். அந்தப் பெரியவர் முகத்தை நினைத்தால் வெட்கத்தில் காது சுடுகிறது.

செப்டம்பர் 25, திங்கள்

அவசரக் கமிட்டி. இந்தத் தடவை காப்பி இல்லாமலே உள்ளே உட்கார்ந்தேன். உலகம்மாள் சொன்னதை அப்படியே சொன்னேன். எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

தேதியை மாற்றலாம் என்றார் ஒருவர். அஸ்திவாரக் கல்லில் பொறித்த நாளை மாற்ற நாம் யார் என்றார் இன்னொருவர். கறி இல்லாமல் வைக்கலாம் என்றார் ஐயர். அதற்கு வந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிவிட்டன. மோசே மாஸ்டர் எழுந்து நின்றார். “கறியில்லாத அசனமா? எங்க அப்பா இதே எடத்துல கறி வச்சாரு. நான் சாம்பார் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு யார் மொகத்துல முழிப்பேன்?”

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நாற்காலியை மடக்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

அப்போது தவசிமுத்து அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். “இந்த வருசம் கறி வேண்டாம்.”

எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

“அவங்க வெரதத்துக்கு நாம மரியாத குடுக்கணும்லா? கறி அசனத்த ஐப்பசியில தனியா வச்சுக்கிடுவோம். ரெண்டு அசனமாச்சு, யாருக்கு நட்டம்?”

இரண்டு அசனம் என்றதும் கமிட்டி முழுக்க மனம் மாறிவிட்டது. மோசே மாஸ்டர்கூட உட்கார்ந்தார். ஒருவர் மட்டும், “அப்ப இந்த ரெண்டு கிடாயையும் ஐப்பசி வரைக்கும் வச்சுத் தீனி போடணுமே” என்றார்.

“ஐப்பசிக்கு வேற பிடிச்சிக்கிடலாம். இதுக சதை சரியில்ல” என்றார் அண்ணாச்சி, யாரையும் பார்க்காமல். வெளியே “அண்ணாச்சி” கழுத்தில் புது மணி கிணுகிணுத்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. சிலருக்குச் சிலது சொல்ல வராது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 28, வியாழன்

புதுச் சிக்கல். பாத்திரம்.

சந்தோஷமாக ஓடிப்போய் உலகம்மாளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தயங்கினாள். “வார்டனம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க அண்டா, குண்டான் எல்லாம் கறி வச்சே பழகினது. எம்புட்டு தேச்சாலும் வெரதக்காரவங்க மனசு ஒப்பாது.”

வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் சிரித்தார். “என் தேக்சா எல்லாம் பிரியாணியில பொறந்து வளந்ததும்மா.”

பெரிய பாத்திரம் தெருவில் இருப்பது ஒரே இடத்தில், அவர்கள் பிள்ளையார் கோயிலில். ஐயரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “வாங்க, கேட்டுப் பாப்போம்” என்றார்.

கோயில் சாவி திருமலைக்குமாரிடம். ஐயர் போய் வாசலில் நின்று, “எங்களுக்கு ஒரு உதவி வேணும்” என்றதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியை இறக்கிவிட்டு, நாற்காலியைத் துடைத்து, பெண்டாட்டியைக் கூப்பிட்டு, மறுபடி நாற்காலியைத் துடைத்தார். மோர்ப் பந்தலுக்கும் மருத்துவ முகாமுக்கும் நின்று பார்க்காத தெரு, ஒரு அண்டா கேட்டதும் மொத்தமாக வந்து கூடிவிட்டது.

“கறி படாதுல்லா?” என்றார் ஒரு பெரியவர்.

“கறி வாசம்கூடப் படாது” என்றார் ஐயர்.

ஆலயத்துக்கு வந்தால் இங்கே அதே கேள்வி தலைகீழாக நிற்கிறது. படையல் வைத்த பாத்திரத்தில் நாம் எப்படிச் சாப்பிடுவது என்று கமிட்டியில் பாதிப்பேர். மறுபடி உலகம்மாளிடம் ஓடினேன். இந்த இரண்டு நாளில் அந்த உடைப்பை நான் தாண்டியதுபோல் எந்த ஆடும் தாண்டியிருக்காது.

“பாத்திரத்துல யாரு படைக்கா? பொங்குறது பாத்திரத்துல, படைக்கிறது எலையிலதான்” என்றாள் அவள்.

அதைக் கேட்டுக் கமிட்டி சமாதானமானது. அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரிப் பயந்திருக்கிறார்கள். இதை நினைத்து நினைத்து வழியெல்லாம் சிரித்தேன். கறுப்பு நாய் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனது.

அக்டோபர் 3, செவ்வாய்

சாப்பாடு முடிவாகிவிட்டது. சொதி. தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்பு, கூடவே இஞ்சித் துவையல். மோசே மாஸ்டருக்குச் சொதி வைக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வராது.

அக்டோபர் 6, வெள்ளி

என்ன ஒரு நாள்!

மத்தியானம் தாண்டியதும் தெருப் பெண்கள் அரிவாள்மனையோடு உடைப்பு வழியாக வந்து இறங்கினார்கள். எங்கள் பெண்கள் ஏற்கெனவே தேங்காய் மலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் இரண்டு கூட்டமும் தனித்தனியாகத் துருவியது. எனக்குப் பொறுக்கவில்லை. விடுதிக் குரலை எடுத்தேன்.

“எல்லாரும் எந்திரிங்க. ஒரு ஆலயம், ஒரு தெரு, ஒரு ஆலயம், ஒரு தெரு. அப்படி உக்காருங்க.”

உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எந்த ஜாக்கெட்டில் எவ்வளவு துணி திருடினாய் என்று எங்கள் பெண்கள் உலகம்மாளை விசாரிக்க, அவள் ஒவ்வொருவர் இடுப்பளவையும் சபையில் சொல்லிவிடுவேன் என்று மிரட்ட, சிரிப்பில் தேங்காய் பாதி சிதறியது.

பெரிய அண்டாவுக்கு அடுப்புக் கூட்ட செங்கல் போதவில்லை. மோசே மாஸ்டர் மதிலுக்கு வாங்கிய குவியலிலிருந்து எடுத்துக் கூட்டிவிட்டார். “கரி பிடிக்குமே” என்று அண்ணாச்சி முனகினார். அதோடு சரி.

சொதி எப்படி வைப்பது என்று மாஸ்டர் கடைசிவரை கேட்கவில்லை. “உங்க பக்கம் எப்படி வைப்பீங்க, சும்மா சொல்லுங்க, பாப்போம்” என்று உலகம்மாளிடம் நான்கு தடவை சொன்னார். அவளும் சும்மா சொன்னாள். அவர் சும்மா கேட்டுக்கொண்டார்.

போகும்போது, “காலையில நவதிருப்பதி ஒம்பது பெருமாள் கோயிலுக்கும் எங்க வேன்ல தெருவே போறோம். பந்திக்கு வந்துருவோம்” என்றாள்.

அக்டோபர் 7, சனி

வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

சோறு, சொதி, துவையல், அவியல், அப்பளம், பாயசம் எல்லாம் மத்தியானம் தயார். வளாகத்தில் பாய் விரித்து, இலை போட்டு, ஒரு இலை விட்டு ஒரு இலையில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற இலைகள் காலி. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. வீடெல்லாம் பூட்டு.

ஒன்றரை மணி ஆயிற்று. பிள்ளைகள் அப்பளத்தைத் திருடத் தொடங்கினார்கள். இரண்டு ஆயிற்று. எனக்குக் கவலையே இல்லை. காலி இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை துடைத்த பிறகு ஓர் இலை கிழிந்துவிட்டது.

“ஆரம்பிச்சிரலாமே, சோறு ஆறுது” என்று யாரோ சொன்னார்கள். நான் கிழிந்த இலையை மாற்றப் போனேன். வாயைத் திறந்திருந்தால் வேறு ஏதாவது வெளியே வந்திருக்கும்.

“ஆரும் கை வைக்கக் கூடாது” என்று ஒரு குரல். தவசிமுத்து அண்ணாச்சி. அவர் பந்தியில் இல்லை. உடைப்பின் மேல் ஏறி நின்று, கையை நெற்றியில் வைத்துத் தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மூணாஞ் சனிக்கிழம. ஒம்பது கோயில்லயும் கூட்டமா இருக்கும். வருவாங்க.” சர்க்கரைக்காரர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்றாம் சனி என்பது இவருக்கு எப்போது தெரிந்தது?

மூன்று மணிக்கு மேல் ஹாரன் சத்தம். அண்ணாச்சி அங்கிருந்து இறங்கவில்லை, குதித்தார். வேன் வீடுகளுக்குப் போகவே இல்லை, நேராக உடைப்பருகில் வந்து நின்றது. கிழவர், குமரி, குஞ்சு, குளுவான் எல்லாரும் இறங்கினார்கள். நெற்றியில் நாமம், கையில் துளசி, கண்ணில் பசி. நான் எலும்புக் குழம்பை வர்ணித்தபோது எச்சில் விழுங்கின பெரியவர் முதலில் வந்து என்னைக் கும்பிட்டு, “இன்னைக்கு வர்ணிக்கலாம் தாயி” என்றார்.

நான் வர்ணித்தேன். அழுதுகொண்டே சொதியை வர்ணித்தேன். புகை கண்ணில் பட்டது என்று எழுதலாமா என்று பார்த்தேன், வேண்டாம். அழுகைதான்.

எல்லாரும் உட்கார்ந்ததும் ஐயர் சின்னதாக ஜெபம் செய்தார். பந்தி முழுக்க அமைதி. “ஆமென்” என்றார். எங்கள் ஆட்கள் “ஆமென்” என்றார்கள். காலையிலிருந்து ஒன்பது கோயிலில் கத்திப் பழகிய வேன் கூட்டம் அதே மூச்சில் “கோவிந்தா” என்றது.

திருமலைக்குமார் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு ஐயர் சிரித்தார். இலையில் கண்ணீர் சொட்டும் அளவுக்குச் சிரித்தார். பிறகு பந்தி மொத்தமும். பாயச வாளியோடு நின்ற நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

மோசே மாஸ்டர் சொதியை நாலாவது தடவை ஊற்றிக்கொண்டு, “அடுத்த தடவ இன்னும் நல்லா வைப்பேன்” என்றார்.

அக்டோபர் 8, ஞாயிறு

கமிட்டி. மதில் விஷயம். அண்ணாச்சி எழுந்தார்.

“சொன்ன வாக்கு வாக்குதான். அந்த வழிய அடைக்க வேண்டாம். ஆனா செங்கல் வாங்கியாச்சு, கொத்தனாருக்கு முன்பணம் குடுத்தாச்சு. அதனால மத்த எல்லா எடத்துலயும் ஆறடிக்கு எழுப்பிருவோம். அந்த ஒரு எடத்த மட்டும் அப்படியே விட்ருவோம்.”

“அப்ப எதுக்கு மதிலு?” என்றார் ஐயர்.

“மதிலுன்னு ஒண்ணு வேண்டாமா?” என்றார் அண்ணாச்சி.

ஒருமனதாக நிறைவேறியது. இனி திருடன் வந்தால் சுற்றிக்கொண்டு வந்து, சௌகரியமாக நடந்து உள்ளே போகலாம்.

அக்டோபர் 10, செவ்வாய்

கொத்தனார் வேலை தொடங்கிவிட்டது. எந்த இடத்தை விடவேண்டும் என்று அளந்து காட்ட அண்ணாச்சியும் திருமலைக்குமாரும் வந்தார்கள். அண்ணாச்சி இரண்டு ஆள் போகிற அகலம் போதும் என்றார். திருமலைக்குமார், ஆடு போக இடம் வேண்டாமா என்றார். கொஞ்சம் அகலம் கூடியிருக்கிறது.

அக்டோபர் 12, வியாழன்

சாயங்காலம் புளிக்குழம்பு வைத்து இறக்கிவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து இந்த நோட்டை எடுத்தேன். எழுத ஒன்றும் இல்லை. பின்கதவு சும்மா சாத்தியிருந்தது.

கதவு திறந்தது. உலகம்மாள். கையில் நூல் கண்டு, தோளில் அளவு நாடா. “கறிவேப்பில இருக்காக்கா?” என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்கு நிற்காமல் அடுக்களைக்குள் போனாள். டப்பாக்களைத் திறக்கிற சத்தம் கேட்டது. சட்டி மூடியைத் தூக்கினாள். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

“உப்பு பத்தலையேக்கா” என்று சொல்லி, என் உப்பு ஜாடியிலிருந்து எடுத்துப் போட்டுக் கிண்டினாள். ஒரு கொத்துக் கறிவேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டு, “வாரேன், அடுப்புல பால் கெடக்கு” என்று போயே விட்டாள். வார்டனம்மா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கதவைத் தட்டவும் இல்லை.

முப்பது வருஷம், கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்த பிள்ளைகளை வராந்தாவில் முட்டிபோட வைத்தவள் நான். தட்டு, பொறு, கூப்பிட்ட பிறகு வா என்று ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். இந்த வீட்டுக்கு ஜூன் மாதம் குடிவந்தேன். அன்றிலிருந்து இன்று சாயங்காலம் வரை என்னைத் தவிர ஒருவரும் இந்த வாசற்படிக்குள் கால் வைத்ததில்லை. உப்புமாவெல்லாம் வெளியேதான், உடைப்பருகில்தான். அதை நான் இங்கே எழுதவே இல்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

வெகு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து தட்டைப் போட்டுச் சாப்பிட்டேன்.

உப்பு சரியாக இருந்தது.